பீடத்துக்கு வந்த மண்புழு

அய்யர் ஜெபம் செய்துகொண்டிருந்தார். சபையில் எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

பக்திக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பீடத்துக்கு முன்னால் விரித்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு மண்புழு நடந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு கண்ணை மூட எனக்கு மனசு வரவில்லை.

நடந்து என்று எழுதிவிட்டேன். காலே இல்லாத ஜீவனுக்கு அது பெரிய வார்த்தை. முன்பக்கத்தை நீட்டும், பின்பக்கத்தை இழுத்துக்கொள்ளும், கொஞ்சம் யோசிக்கும், மறுபடி நீட்டும். அப்படியே ஒரு பெரிய பரங்கிக்காயை நோக்கிப் போனது. பரங்கிக்காய்க்குப் பக்கத்தில் கால் கட்டிய சேவல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

சேவல் புழுவைப் பார்த்தது. நான் சேவலைப் பார்த்தேன்.

"ஆமென்" என்று சபை சொன்னது. சேவல் தலையைக் குனிந்து நிமிர்ந்தது. புழுவைக் காணோம்.

அது அறுப்பின் பண்டிகை. எங்கள் சபையில் போதகரை அய்யர் என்றுதான் கூப்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் அங்கேயே ஏலம் விடுவார்கள். வயல் போய் பிளாட் ஆன கொரட்டூரில் என்ன விளையும் என்று கேட்காதீர்கள். சேவல், முருங்கைக்காய், கேக், பக்கத்துக் கடையில் வாங்கிய வாழைத்தார், எல்லாம் விளையும்.

ஆனால் மண்புழு விளைந்தது அந்த ஒரு வருஷம்தான். அது யார் வீட்டு விளைச்சல் என்று சபையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்தி, பெண்கள் பக்கத்தில், இரண்டாம் வரிசைப் பாயில், வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாம்பாரில் செத்தவை

போன வாரம் எங்கள் கம்பெனி கேன்டீன் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அந்தச் சாம்பார் இந்த வாரமும் வருகிறது. மன்னிக்க வேண்டும், அது அவ்வளவு சீக்கிரம் விடக்கூடிய சாம்பார் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. பத்தாவது முடித்த கையோடு சேர்ந்தது. அட்டைப்பெட்டியை மடித்து டேப் ஒட்ட வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது சொர்க்கம்.

கம்பெனியில் ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருந்தார். நல்ல மனிதர். எதை ஆரம்பித்தாலும் ரிப்பன் கட்டி ஆரம்பிப்பார். ஒருநாள் எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு, ஒரு கோணிப்பை நிறைய சாணியும் புழுவுமாக வந்து இறங்கினார். கேன்டீன் குப்பையை இனி இந்தப் புழுக்கள் தின்னும், எரு போடும், அந்த எருவில் கம்பெனி வாசலில் ரோஜாத் தோட்டம் வரும் என்றார். கேன்டீனுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கை தட்டினோம்.

கேன்டீன்காரர்கள் சொன்னபடி குப்பையைக் கொட்டினார்கள். மீந்த சாம்பார், ஊறுகாய், பிழிந்த எலுமிச்சை மூடி, வடை சுட்ட எண்ணெய், எதையும் மிச்சம் வைக்கவில்லை.

மண்புழுவுக்குப் பல் கிடையாது. தோல்தான் அதற்கு மூக்கு. தோலாலேயே மூச்சு விடும். அந்தத் தோல் ஈரமாக இருக்கும் வரைதான் அதற்கு உயிர். உப்பும் புளிப்பும் மிளகாயும் பட்டால் என்ன ஆகும்? கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்தால் நமக்கு எரியும் அல்லவா, அதை உடம்பு முழுக்க நினைத்துப் பாருங்கள். பாவம், தொட்டிச் சுவரில் ஏறித் தப்பிக்கப் பார்த்தன. ஏறினவை வெயிலில் காய்ந்து கம்பியாக ஒட்டிக்கொண்டன.

நாங்களும் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டோம். எங்களுக்குச் சுவர் ஏறத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் ஆபீசருக்கு வேறு ரிப்பன் கிடைத்துவிட்டது. தொட்டியைக் கழுவி விடச் சொல்லிவிட்டார். கழுவுவதற்கு முன்னால் ஒருதடவை எட்டிப் பார்த்தேன். அடியில், ஈரச் சாணிக்குள், இன்னும் சில நெளிந்துகொண்டிருந்தன. ஏன் செய்தேன் என்று தெரியாது. மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி, சாணியோடு அள்ளிப் போட்டு மூடினேன்.

பட்டரவாக்கத்திலிருந்து ஒரு ஸ்டேஷன்

பட்டரவாக்கத்தில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் கொரட்டூர். அவ்வளவு சின்னப் பயணத்திலும் பெண்கள் பெட்டியில் நமக்கென்று ஒரு அக்கா வந்து சேர்வார்.

"இன்னாம்மா, டப்பாவ அப்பிடி மார்ல அணச்சிகினு கீறே? உள்ள இன்னா?"

நான் சிரித்தேன். பேச வராதபோது எனக்கு அது ஒன்றுதான் வரும். என் கையில் இருந்த டப்பாவுக்கு மூடி சரியாக உட்காராது. அதன் இடுக்கில் ஒன்று தலையை நீட்டியது.

அக்கா உற்றுப் பார்த்தார். "ஐய, இதான் அந்த நூடுல்ஸா? டிவில காட்றாங்களே. எங்க ஊட்லயும் பசங்க கேட்டுகினே கீதுங்க. நல்லாவா கீது?"

தலையை ஆட்டினேன். நல்லவேளை, ஸ்டேஷன் வந்துவிட்டது.

கண் இல்லை, காது இல்லை, பேச்சும் இல்லை

குளியலறைத் தண்ணீர் வெளியே போகும் இடத்தில் எங்களுக்கு இரண்டு வாழை நின்றது. அதன் நிழலில் ஒரு நீல பிளாஸ்டிக் டப் வைத்து, பழைய சாணி, வாழைச்சருகு, காய்கறித் தோல் போட்டு, புழுக்களை விட்டு, ஈரக் கோணியால் மூடினேன்.

அம்மா அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்டி, ஊரான் நாய் வளக்கிறான், பூனை வளக்கிறான். நீ இன்னாத்த வளக்கிற பாரு. வவுத்துக்குள்ள போச்சின்னா?"

வயிற்றில் இருக்கும் பூச்சி வேறு, மண்ணில் இருக்கும் புழு வேறு என்று சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு நெளிவதெல்லாம் ஒரே ஜாதி.

எனக்கோ அவற்றைப் பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது. இங்கே நான் எழுதுவதில் பாதி பார்த்துத் தெரிந்துகொண்டது, மீதி பின்னாளில் என் மகளின் பாடப் புத்தகத்தைத் திருடிப் படித்துத் தெரிந்துகொண்டது.

மண்புழுவுக்குக் கண் கிடையாது. ஆனாலும் வெளிச்சம் பட்டால் உள்ளே ஓடிவிடும். காது கிடையாது. ஆனால் தரை அதிர்ந்தால் உடம்பெல்லாம் தெரியும். இதயம் மட்டும் ஒன்றல்ல, ஜோடி ஜோடியாக இருக்கிறது. அத்தனை இதயம் வைத்துக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் மண்ணுக்குள் இருந்துவிடுகிறது. என்னைப் போல ஒரு பிராணி என்று அப்போது தோன்றும்.

வயதுக்கு வந்த புழுவுக்குக் கழுத்துப் பக்கம் ஒரு பட்டை தடிக்கும். அதற்குப் பந்தலோ மைக்செட்டோ கிடையாது. இன்னொரு விசேஷம், ஒவ்வொரு புழுவும் ஆணும்தான், பெண்ணும்தான். இரண்டு புழு சேர்ந்தால் தலை மாற்றிப் படுத்துக்கொள்ளும். பிறகு இரண்டுமே முட்டை வைக்கும். அந்தப் பட்டையில் ஒரு கூடு உருவாகி, கை வளையலைக் கழற்றுவதுபோல் தலை வழியாகக் கழன்று விழும். அதற்குள் குஞ்சு. மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று இரண்டு வீடு இல்லை. காபித் தட்டோடு யாரையும் நிற்க வைத்துப் பார்ப்பதில்லை.

காபித் தட்டு பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு இருந்த ஒரே கவலை என் கல்யாணம். வந்தவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் வாசலில் வைத்து அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள்: "பொண்ணு பேசுமா?"

கடைசியாக ஆவடியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு நிரந்தர வேலை. பேசாத பெண் என்றால் வீட்டில் சண்டை வராது என்று பையனின் அம்மாவே சொல்லிவிட்டார். உங்கள் சபைப் பண்டிகைக்கு வருகிறோம், நாலு பேர் நடுவில் பெண்ணை ஒருதடவை பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

"பண்டிக முடியற வரைக்கும் இந்தப் புழுவு சமாச்சாரம் மூச்சு உடக்கூடாது," என்றாள் அம்மா. "தெரிஞ்சிச்சி, நீயும் அந்த டப்புல போயி படுத்துக்க வேண்டியதுதான்."

சத்தியம் செய்தேன். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு என்ன கஷ்டம்?

சேப்பங்கிழங்கு

வாழைக்குப் பக்கத்தில் அம்மா சேப்பங்கிழங்கு போட்டிருந்தாள். பண்டிகைக்கு முந்தின நாள் அதைத் தோண்டி, மண் போகாமல், ஒரு நீல டப்பில் வைத்து, கோணியால் மூடினாள். மண்ணோடு வைத்தால்தான் வீட்டு விளைச்சல் என்று சபையில் நம்புவார்கள்.

இரண்டு டப்பும் ஒரே கடையில் வாங்கியவை. இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பாய் விரிக்கும் வேலைக்கு நான் முன்னாலேயே சபைக்குப் போய்விட்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கரண்டு இல்லாத விடியலில், புதுப் புடவையில், ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, அம்மா ஒரு டப்பைத் தூக்கிக்கொண்டு வந்து பீடத்தின் முன்னால் வைத்துவிட்டாள். ஈரக் கோணியைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சேவல் அந்த ஒன்றை முழுங்கியதும் சந்தேகம் தீர்ந்தது.

"அம்மா, எந்த டப்பு எட்த்துகினு வந்தே?"

"கிழங்குதான். பேசாத குந்து."

"கிழங்கு ஊட்ல கீதும்மா."

அம்மா பீடத்தைப் பார்த்தாள். கோணி ஓரத்தில் இன்னொன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "ஏசப்பா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் ஆவியில் நிறைந்துவிட்டதாக நினைத்து அவர்களும் "ஏசப்பா" என்றார்கள்.

பீடத்தில் வைத்ததைத் திரும்ப எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆவடிக் குடும்பம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பையனின் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. எங்கள் பாடகர் குழுவில் டிரம் அடிப்பவர் சாமுவேல். எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. வாரம் முழுக்க இரும்பைக் கடைந்துவிட்டு, ஞாயிறு காலை டிரம்மை அடித்துவிட்டு, மதியம் கொரட்டூர் ஏரியில் தூண்டில் போடப் போய்விடுவார். அவர் அடி ஒவ்வொன்றுக்கும் பீடத்துத் தரை அதிர்ந்தது. காதில்லாத என் புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பாட்டு பிடித்து வந்தவையா, பயந்து வந்தவையா, நான் கேட்கவில்லை. சேவல் மட்டும் அன்றைக்குப் பரவசமாக இருந்தது.

ஒரு தரம், இரண்டு தரம்

ஏலம் விடுபவர் தேவசகாயம் அண்ணன். மைக் இல்லாமலே அம்பத்தூர் வரை கேட்கும் குரல். எங்கள் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேடிக்கையான பொருளை எடுத்தவர், அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "காணிக்கை" என்று சொல்லித் திரும்பக் கொடுத்துவிடுவார். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே முட்டை பலபேர் கைக்குப் போய் வந்துவிட்டு, கடைசியில் யார் கையிலாவது உடையும். திரும்பக் கொடுக்காதவனை வருஷம் முழுக்கக் கஞ்சன் என்பார்கள்.

சேவல் போனது. பரங்கிக்காய் போனது.

"அடுத்து, நம்ம ரூத்தக்கா ஊட்டு சேப்பங்கிழங்கு!" என்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கோணிக்குள் கையை விட்டார் அண்ணன். அந்தக் கை போன வேகத்தைவிட வேகமாக வெளியே வந்தது. "யப்பா! இன்னாக்கா இது, கிழங்கு நெளியுது!"

பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். பாடகர் குழுவிலிருந்து ஒரு பையன் கத்தினான்: "அண்ணாத்தே, கிழங்குக்கு உசுரு வந்துகீது! சாட்சி சொல்லு!"

சபையே சிரித்தது. அய்யர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். "ஊர்வனவும் கர்த்தர் படைச்சதுதானே. பீடத்துக்கு வந்துடுச்சு, ஏலம் விடுங்க," என்று சொல்லிவிட்டுப் பத்திரமான தூரத்துக்குப் போய் நின்றுகொண்டார்.

யாரும் கேட்கவில்லை. அண்ணன் மேலும் கீழும் பார்த்தார். அப்போது டிரம்முக்குப் பின்னாலிருந்து சாமுவேலின் குரல் வந்தது.

"அண்ணாத்தே, எனக்கு உடு. மத்யானம் ஏரிக்குத்தான் போறேன். ரொம்ப நாளிக்கு முள்ளுல குத்தலாம்."

ஏதோ ஒரு தொகையும் சொன்னார்.

ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். புழுவை உயிரோடு முள்ளில் குத்துவார்கள். நீளமாக இருந்தால் மடித்து மறுபடி குத்துவார்கள். அது நெளிந்துகொண்டே இருக்க வேண்டும், அப்போதுதான் மீன் வரும். சாம்பாரிலிருந்து தப்பி, டப்பாவில் ரயில் ஏறி வந்து, எங்கள் வாழையடியில் குஞ்சு பொரித்த என் புழுக்கள்.

"ஒரு தரம்," என்றார் அண்ணன்.

ஆவடிக்கார அம்மாவைப் பார்த்தேன். அவர் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தார்.

"ரெண்டு தரம்."

"எனக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குரலை எனக்கும் அடையாளம் தெரியவில்லை. பிறகுதான் நான் எழுந்து நிற்பது தெரிந்தது.

"யார்ரா அது? அட, ரூத்தக்கா பொண்ணு! உனக்குப் பேச வருமா? எவ்ளோம்மா கேக்கறே?"

சொன்னேன். அந்தத் தொகையை இங்கே எழுதினால் இன்றும் வீட்டில் சண்டை வரும்.

சாமுவேல் சிரித்தார். "அதுக்கு மேல நானு."

"அதுக்கும் மேல," என்றேன்.

"இன்னா தங்கச்சி, நீயும் தூண்டில் போடுவியா?" என்றார் அண்ணன். "சண்ட வாணாம். ரெண்டா வெட்னா ரெண்டு புழுவாயிடுமாமே. ஆளுக்குப் பாதி எட்த்துக்கோங்க."

"ஆவாது. செத்துடும்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷமாக உள்ளே கிடந்த பேச்சு அன்றைக்குப் பார்த்து வெளியே வந்துகொண்டிருந்தது. "அது என்னோடது. நான்தான் வளக்கிறேன்."

அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

"இத்தயா?" சாமுவேல் டிரம்மை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "இன்னாத்துக்கு?"

எரு, தோட்டம், மண் என்று எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் உண்மைதான் வாயில் வந்தது.

"சும்மாதான். அது பாட்டுக்கு இருக்கும்."

அவர் டப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கையை மேலே தூக்கிவிட்டார். "நான் உட்டுட்டேன் அண்ணாத்தே. புழுவுக்கு ஆள் கீது."

மூன்று தரமும் சொல்லி முடித்தார்கள். வழக்கப்படி அண்ணன் டப்பை என் பக்கம் நீட்டாமல், சபையைப் பார்த்துக் கண் அடித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, காணிக்கையாத் திருப்பிக் கொடுத்துட்றியா? இன்னொரு வாட்டி கூவலாமா?"

"குடு! காணிக்கை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, நானே போய் டப்பைத் தூக்கிக்கொண்டேன். எங்கள் சபையில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வாங்கியவருக்காக அய்யர் ஜெபிக்க வேண்டும். என் தலையில் ஒரு கையை வைத்தார். இன்னொரு கையை டப்புக்கு மேலே, தொடாமல், நல்ல உயரத்தில் நிறுத்தி ஆசீர்வதித்தார்.

இரை

ஆவடியிலிருந்து மறுவாரமே தகவல் வந்துவிட்டது. பெண் புழு வளர்ப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்களாம். இவ்வளவு பேசுகிற பெண் வேண்டாமாம்.

அம்மா மூன்று வேளையும் அழுதாள். நடுநடுவே சேப்பங்கிழங்கு வறுவலும் செய்து போட்டாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாமுவேல் நின்றார். கையில் தூண்டில்.

"ரெண்டே ரெண்டு புழு குடேன். மீன் ஒண்ணுமே கடிக்கல."

"மாட்டேன்." அந்த வார்த்தை எனக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

"சரி, இத்தயாவது அதுக்குப் போடு," என்று பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தார். எருமைத் தொழுவத்துச் சாணி. நன்றாகக் காய்ந்து, சூடு ஆறிய சாணி. புதுச் சாணியின் சூடு புழுவுக்கு ஆகாது என்று யாரையோ கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். பெண் வீட்டுக்கு வருகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுவருவார்கள் என்று அம்மா முணுமுணுத்தாள். எனக்கு அந்தப் பை போதுமானதாக இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். அவர் ஒத்துக்கொண்டார். இன்றுவரை மீறியதில்லை. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, அதில் கொஞ்சம் மஞ்சளும் சேர்த்து, அதைத்தான் முள்ளில் வைக்கிறார். கொரட்டூர் ஏரி மீன்களுக்குக் கோதுமை பிடிக்காது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனாலும் ஞாயிறு மதியம் போவார். பொழுது சாயும்போது பையோடு வருவார். "இன்னிக்கு மாட்டிச்சி பாரு," என்று சமையல் மேடையில் வைப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாட்டியது வவ்வால் மீன். செவுளில் இன்னும் ஐஸ் கட்டி இருந்தது.

கடலில் மட்டும் கிடைக்கும் மீன் ஏரிக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. "மாவு உருண்டைக்கா?" என்றேன்.

"பின்ன?" என்றார்.

மீனை ஆய்ந்து, குழம்பு வைத்தேன். வெங்காயத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், கோணியைத் தூக்கி, டப்பில் போட்டுவிட்டு வந்தேன்.